கதவே வேண்டாம் என்று நான் சொல்லிக்கொடுத்த இடம்

நீண்ட பதிவு. பொழுது இருப்பவர்கள் மட்டும் படியுங்கள். இரத்தமும் சிறுநீரும் நிறைய வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடித்துவிட்டு வாருங்கள்.

போன மாதம் என் தம்பியைச் சிறுநீரக டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். 63 வயது. இருபது வருடச் சர்க்கரை. கிரியேட்டினின் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கிறது, டயாலிசிஸ் வரை போகவில்லை. இந்தத் தடவை டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தம்பி, "அண்ணே, சோடியம் பைகார்பனேட்டுன்னு போட்டிருக்கு. ஆப்பத்துக்குப் போடுற சோடா உப்புத்தானே இது? இதையா கிட்னிக்குக் குடுக்கிறாங்க?" என்றான்.

வாத்தியாரிடம் கேட்டால் விடுவோமா? வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் பாடம் நடத்தினேன். பாதிப் பாடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது. 1979இல் வேலைக்குச் சேர்ந்து 2010இல் ஓய்வு பெறும்வரை, மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தியவன் நான். அந்த 31 வருடமும் இந்த இடத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியம் தப்பு. அதோடு, 1996 என்று நினைக்கிறேன், ஒரு மாணவி வேறு ஒரு பாடத்தில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலும் தப்பு. இரண்டு தப்பும் வேடிக்கையாக ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. அந்தக் கதைதான் இது.

முதலில் தம்பிக்குச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். நாம் தின்னும் பருப்பு, முட்டை, மீன் இவற்றின் புரதம் உடைந்து எரியும்போது தினமும் அமிலம் மிஞ்சுகிறது. எடையில் கிலோவுக்குச் சுமார் 1 மில்லிமோல் என்று கணக்கு. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 60. இதை வெளியே தள்ளாவிட்டால் எலும்பு கரையும், தசை இளைக்கும். தள்ளுவது சிறுநீரகம். அமிலத்தை அப்படியே தள்ள முடியாது, குழாய் வெந்துவிடும். அதனால் அம்மோனியா என்ற காரத்தின்மேல் ஏற்றி அனுப்புகிறது. சாதாரண நாளில் 30 முதல் 40 மில்லிமோல் அம்மோனியம் போகும். உடம்பில் அமிலம் கூடிவிட்டால் சில நாட்களுக்குள் நல்ல சிறுநீரகம் இதை 200, 300 வரைகூட ஏற்றிவிடும். தம்பியின் சிறுநீரகத்தால் அது முடியவில்லை. நுண்குழல்கள் பல அழிந்துவிட்டன. மிஞ்சியவை எவ்வளவு முக்கினாலும் அம்மோனியா போதவில்லை. அதனால்தான் காரத்தை வெளியிலிருந்து மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகச் சோடா உப்பு வாங்கிச் சாப்பிட வேண்டாம். அதில் சோடியம் இருக்கிறது. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

இதில் அம்மோனியா, அம்மோனியம் என்று இரண்டு சொல் வந்துவிட்டன. பழைய ஆட்களுக்கு ஈயம் பூசுகிறவரைத் தெரிந்திருக்கும். பித்தளை அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் துடைத்து, ஈயத்தை இழுப்பார். அந்த நவச்சாரம்தான் அம்மோனியம் குளோரைடு. சும்மா கையில் வைத்திருந்தால் பெரிதாக நெடி இல்லை. அதோடு சுண்ணாம்பைச் சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள், மூக்கைப் பிய்க்கும். என் ஆய்வகத்தில் வருடா வருடம் இதைச் செய்வேன், முதல் வரிசைப் பிள்ளைகள் நாற்காலியோடு பின்னால் போவார்கள். காரம் சேர்ந்தால் அம்மோனியா என்ற வாயு. அமிலம் சேர்ந்தால், அதாவது ஒரு புரோட்டான் ஒட்டிக்கொண்டால், மின்னேற்றம் கொண்ட அம்மோனியம். பறக்காது, உப்பாகக் கிடக்கும். நம் இரத்தத்தின் பி.ஹெச். 7.4. அந்த நிலையில் நூற்றுக்கு 98க்கும் மேல் அம்மோனியமாகத்தான் இருக்கும். மிச்சம் கொஞ்சம்தான் வாயு.

இனி வரலாறு. 1877இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஃபிரெட்ரிக் வால்டர் என்பவர் முயலுக்கும் நாய்க்கும் அமிலம் கொடுத்துப் பார்த்தார். முயல் தாங்கவில்லை. நாய் தாங்கியது, அதன் சிறுநீரில் அம்மோனியா கூடியிருந்தது. அமிலத்தை அடக்கத்தான் அம்மோனியா வருகிறது என்பது அங்கே புலப்பட்டது. ஆனால் அது எங்கே உண்டாகிறது? உடம்பில் வேறெங்கோ உண்டாகி இரத்தத்தில் வருகிறது, சிறுநீரகம் வடிகட்டி விடுகிறது, அவ்வளவுதான் என்று ரொம்ப காலம் நினைத்தார்கள்.

அதை உடைத்தவர்கள் 1921இல் நியூயார்க்கில் தாமஸ் நாஷ், ஸ்டான்லி பெனடிக்ட் என்ற இருவர். பெனடிக்ட் என்ற பெயரைக் கேட்டதும் என் பழைய மாணவர்கள் சிரிப்பார்கள். ஆமாம், சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினால் நீலம் செங்கல் நிறமாகுமே, அந்தப் பெனடிக்ட் கரைசல் பெனடிக்ட்தான். சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தத்தில் அம்மோனியா மிக மிகக் குறைவு. அங்கிருந்து வெளியே வரும் சிரையின் இரத்தத்தில் அதைவிட அதிகம் என்று இவர்கள் அளந்து காட்டினார்கள். வடிகட்டுகிற இடத்திலிருந்து வருகிற தண்ணீரில் சரக்கு கூடுமா? கூடினால், அந்த இடத்திலேயே தயாராகிறது என்றுதானே பொருள்! எதைக் கொண்டு தயாரிக்கிறது என்பது பிறகு தெரிந்தது. 1935இல் ஹான்ஸ் கிரெப்ஸ், குளுட்டமைனை உடைக்கும் நொதி சிறுநீரகத்தில் இருப்பதைக் காட்டினார். (ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர். இன்னும் இரண்டு வருடத்தில் அவர் பெயரில் ஒரு சுழற்சி வந்து பிளஸ் டூ பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தப்போகிறது.) 1943இல் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் வான் ஸ்லைக்கும் அவர் கூட்டாளிகளும், சிறுநீர் அம்மோனியாவில் பெரும்பகுதி இரத்தத்திலிருந்து சிறுநீரகம் எடுத்துக்கொள்ளும் குளுட்டமைனிலிருந்தே வருகிறது என்று நாய்களில் நிறுவினார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நான் வகுப்பில் இதைச் சரியாகச் சொன்னதில்லை. ஒரு குளுட்டமைன் முழுதாக உடைந்தால் இரண்டு அம்மோனியமும் இரண்டு பைகார்பனேட்டும் கிடைக்கும். பைகார்பனேட் இரத்தத்துக்குத் திரும்பிப் போகும். அதுதான் லாபம், தம்பியின் மாத்திரையில் இருப்பதும் அதுவே. அம்மோனியம் சிறுநீருக்குப் போக வேண்டும். வழி தவறி அதுவும் இரத்தத்துக்கே திரும்பிவிட்டால், கல்லீரல் அதை யூரியாவாக்கும். அப்படி ஆக்கும்போது அந்தப் பைகார்பனேட்டைச் செலவழித்துவிடும். சம்பளத்தை ஒரு கையில் வாங்கி மறு கையில் திருப்பிக் கொடுத்த கதைதான். ஆகவே எவ்வளவு தயாரித்தது என்பது பாதிக் கணக்கு. எந்தப் பக்கம் போனது என்பதுதான் மீதி. சாதாரணமாகத் தயாராவதில் ஏறத்தாழ பாதிதான் சிறுநீருக்குப் போகிறது. அமிலம் கூடும்போது அந்தப் பங்கும் கூடுகிறது. அப்படியானால் திசையை யாரோ தீர்மானிக்கிறார்கள்.

இந்தக் கேள்வியே எழாதபடி செய்தது ஒரு பழைய கருத்து. 1890களில் ஜூரிச்சில் எர்னஸ்ட் ஓவர்டன் என்பவர் நூற்றுக்கணக்கான பொருட்களை உயிரணுக்களில் சோதித்து, கொழுப்பில் கரைவது எளிதாக உள்ளே போகிறது, ஆகவே அணுவின் உறை கொழுப்புத் தன்மை கொண்டது என்று சொன்னார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதிலிருந்து, சின்ன மூலக்கூறு, மின்னேற்றம் இல்லாத வாயு என்றால் எந்தச் சவ்வையும் தானாகவே கடந்துவிடும் என்ற முடிவுக்கும் எல்லோரும் போய்விட்டார்கள். ஆக்சிஜன் போகிறது, கார்பன் டை ஆக்ஸைடு போகிறது, அம்மோனியாவும் போகும். 1940களில் ராபர்ட் பிட்ஸ் போன்ற பெரிய ஆய்வாளர்கள் சிறுநீரகத்தின் அமில வேலையைத் துல்லியமாக அளந்தபோதும் படம் இதுதான்: அணுக்குள் உண்டான அம்மோனியா வாயு சவ்வைத் தாண்டிக் குழலுக்குள் கசிகிறது, குழலில் அமிலம் இருப்பதால் புரோட்டானைப் பிடித்து அம்மோனியமாகிறது, மின்னேற்றம் வந்துவிட்டதால் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொள்கிறது. எலிப்பொறி மாதிரி. அழகான விளக்கம். கரும்பலகையில் நான்கு கோட்டில் போட்டுவிடலாம்.

நானும் அதைத்தான் போட்டேன். "அம்மோனியாவுக்குக் கதவு தேவையில்லை, சுவரே அதற்கு வாசல்" என்று எதுகை மோனையோடு வேறு சொல்வேன். பிள்ளைகள் தேர்வில் அப்படியே எழுதினார்கள். நான் முழு மதிப்பெண்ணும் போட்டேன்.

சுவரில் முதல் விரிசல் விழுந்தது 1980களில். அமெரிக்காவில் பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் டேவிட் குட், மார்க் நெப்பர், மாரிஸ் பர்க் ஆகியோர் எலியின் சிறுநீரகத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிய ஒற்றை நுண்குழலைப் பிரித்தெடுத்து, அதன் இரு முனையிலும் கண்ணாடிக் குழாயைச் செருகி, உள்ளே திரவத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். இதைச் செய்கிற கைகளை நினைத்தாலே எனக்கு மூச்சு நிற்கும். எங்கள் ஆய்வகத்தில் கரப்பான் பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிய்க்காமல் எடுப்பதற்கே வருடம் முழுக்கப் பாடுபடுவோம். ஹென்லே வளைவின் மேலேறும் தடித்த பகுதியில் அம்மோனியம் குழலிலிருந்து மறுபடி வெளியே உறிஞ்சப்படுவதை 1984இல் அவர்கள் வெளியிட்டார்கள். இங்கே போவது வாயு அல்ல, மின்னேற்றம் கொண்ட அம்மோனியமே. அம்மோனியம் அயனியும் பொட்டாசியம் அயனியும் ஏறக்குறைய ஒரே பருமன். சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் சேர்த்துச் சுமக்கும் ஒரு புரதம் அங்கே இருக்கிறது. அதில் பொட்டாசியத்தின் இருக்கையில் அம்மோனியம் உட்கார்ந்துகொள்கிறது. துண்டு போட்டு இடம் பிடித்தவர் வருவதற்குள் இன்னொருவர் உட்கார்ந்துவிடுகிறாரே, அந்த மாதிரி. இப்படி வெளியே வந்த அம்மோனியம் சிறுநீரகத்தின் உட்பகுதியில், குழல்களுக்கு இடையில், கெட்டியாகச் சேர்ந்து கிடக்கிறது. கடைசியில் சேகரிப்பு நாளம் என்ற இறுதிக் குழலுக்குள் அது மறுபடி நுழைந்தால்தான் சிறுநீர்.

1989இல் அடுத்த அடி. அதே தடித்த பகுதியைச் சோதித்த ஸ்டீவன் ஹெபர்ட்டின் குழுவினர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை போட்டார்கள். குழலின் உட்புறத்தைப் பார்த்த சவ்வு அம்மோனியா வாயுவையே உள்ளே விடவில்லை! வாயு என்றால் எந்தச் சுவரையும் கடக்கும் என்ற நம்பிக்கைக்கு நேர்மாறாக, அப்படிக் கடக்கவிடாத சவ்வும் உடம்பில் உண்டு. ஒரு சவ்வு விடாது, இன்னொன்று விடுகிறது என்றால் விடுகிற சவ்வில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அந்த வருடம் நான் பணியில் சேர்ந்து பத்தாவது வருடம். வழக்கம்போல் எதுகை மோனையோடு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு இரத்தத்துக்குப் போக வேண்டும். என் இரண்டாவது தப்பு அங்கே இருக்கிறது.

1939இல் நியூயார்க்கில் ஃபிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் ஒரு தாயைப் பற்றி எழுதினார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. அவருக்குக் கணவரின் இரத்தத்தை ஏற்றினார்கள். இருவரும் ஓ வகைதான், ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற ஏதோ ஒன்றுக்கு எதிராகத் தாயின் உடல் ஆயுதம் செய்து வைத்திருந்தது. அடுத்த வருடம் லேண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கின் இரத்த அணுக்களை முயலுக்குச் செலுத்தி எடுத்த எதிர்ப்பொருள், நியூயார்க்கில் சோதித்தவர்களில் சுமார் 85 விழுக்காட்டினரின் இரத்தத்தோடு வினைபுரிவதைக் காட்டினார்கள். ஆர்.ஹெச். என்ற பெயர் அப்படி வந்தது. குரங்கிலிருந்து வந்த எதிர்ப்பொருள் பிடித்தது உண்மையில் வேறொரு பொருளை என்று பிறகு தெரிந்தது. ஆனால் பெயர் ஒட்டினது ஒட்டினதுதான். நம் ஊரிலும் வீட்டை விற்றுப் போய் முப்பது வருடமானவர் பெயரில்தானே இன்னும் அந்த வீட்டைச் சொல்கிறோம்.

இதை நடத்தும்போதுதான் அந்தப் பெண் எழுந்து கேட்டாள். "சார், ஆர்.ஹெச். இருந்தா இவ்வளவு பிரச்சினை. அப்ப அது எதுக்கு சார் நம்ம இரத்தத்துல இருக்கு? அதோட வேலை என்ன சார்?"

வேலை ஒன்றும் இல்லைம்மா, அது ஒரு அடையாளக் குறி, ரேஷன் கார்டு எண் மாதிரி என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குறியாக இருப்பதற்காக ஒரு அணு இவ்வளவு புரதம் செய்து வைத்திருக்குமா என்று அவள் கண் கேட்டது. நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அவள் கேட்ட கேள்வியை உலகத்தில் வேறு சிலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்.ஹெச். புரதம் முற்றிலும் இல்லாத மனிதர்கள் மிக அரிதாக உண்டு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்மணி ஒருவரிடம் 1961இல் முதலில் கண்டார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் உருவம் மாறி இருக்கும், லேசான இரத்தசோகை இருக்கும். அப்படியென்றால் வெறும் குறி இல்லை. பால்டிமோரில் பீட்டர் ஆக்ரே என்ற டாக்டர் 1980களில் ஆர்.ஹெச். புரதத்தைச் சிவப்பணுவிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்த முயன்றுகொண்டிருந்தார். கூடவே இன்னொரு புரதம் அழுக்கு மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஆர்.ஹெச்.சின் உடைந்த துண்டு என்றுதான் முதலில் நினைத்தார். இல்லை, தனிப் புரதம். சிறுநீரக நுண்குழலிலும் நிறைய இருந்தது. இது தண்ணீரின் வழியாக இருக்குமோ என்று சந்தேகத்தைக் கிளப்பியவர் அவருடைய பழைய ஆசிரியர் ஜான் பார்க்கர். தவளை முட்டையில் அந்தப் புரதத்தை உண்டாக்கி நீர்த்த கரைசலில் போட்டார்கள். முட்டை ஊதி வெடித்தது. 1992. தண்ணீருக்கும் தனி வாசல் உண்டு என்று தெரிந்தது, 2003இல் ஆக்ரேவுக்கு நோபல் பரிசு வந்தது. தேடிப்போன ஆர்.ஹெச். என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் அப்படியே நின்றது.

அதைத் திறந்தவர்கள் இரத்தத்தைத் தொடாதவர்கள். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆன்னா மரியா மரினி, ப்ரூனோ ஆந்த்ரே ஆகியோர் ஈஸ்ட் எப்படித் தீனி எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி உப்ப வைக்கும் அதே ஈஸ்ட். அதற்கு அம்மோனியம் ஒரு தீனி. அதை உள்ளே இழுக்கும் புரதத்தின் மரபணுவை 1994இல் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் ஒரு சிறு செடியிலும் அதன் உறவினர் புரதம் கிடைத்தது. ஈஸ்டில் இப்படி மூன்று புரதங்கள். மூன்றையும் நீக்கிவிட்டால், அம்மோனியம் குறைவாக உள்ள ஊடகத்தில் அது பட்டினியாகக் கிடக்கும், வளராது.

இந்தப் புரதத்தின் அமினோ அமில வரிசையை எடுத்துத் தெரிந்த மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டபோது, எதிர்பாராத ஒரு சொந்தக்காரர் வந்து நின்றார்: மனிதனின் ஆர்.ஹெச். இரண்டும் ஒரே குடும்பம் என்று 1997இல் எழுதினார்கள். என் மாணவி கேட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது! ஆனால் சாயல் இருப்பதால் தொழிலும் அதுவே என்று சொல்ல முடியாது. பாரிஸில் இரத்த வகை ஆய்வு செய்துகொண்டிருந்த ஜான் பியர் கார்த்ரோனின் குழுவோடு சேர்ந்து சோதனையை 2000இல் முடித்தார்கள். பட்டினி ஈஸ்டுக்குள், சிவப்பணுவில் ஆர்.ஹெச்.சோடு சேர்ந்தே இருக்கும் ஒரு புரதத்தின் மனித மரபணுவை வைத்தார்கள். ஈஸ்ட் வளர்ந்தது. அதே குடும்பத்தில் மனிதச் சிறுநீரகத்தில் இருக்கும் இன்னொரு புரதத்தை வைத்தார்கள். அதிலும் வளர்ந்தது. உள்ளே இழுப்பது மட்டுமல்ல, வெளியே விடவும் அவை உதவுகின்றன என்றும் பார்த்தார்கள். அதே வருடம் நியூயார்க் இரத்த மையத்திலிருந்தும் அந்தச் சிறுநீரகப் புரதம் பற்றிய கட்டுரை வந்தது. அதற்கு இன்று ஆர்.ஹெச்.சி.ஜி. என்று பெயர். ஆர்.ஹெச்.பி.ஜி. என்று அதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு.

குழு இரத்தப் பெயர் இப்படித்தான் சிறுநீரகத்துக்குள் வந்தது. எலிகளில் பார்த்தால் இவை இரண்டும் உட்கார்ந்திருந்த இடம் சேகரிப்பு நாளம்: அம்மோனியம் கடைசியாக நுழைய வேண்டிய அதே இடம்.

இனி எல்லாம் சுபம் என்று நினைத்தால் தப்பு. 2005இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆர்.ஹெச்.பி.ஜி. மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை ஜம்மென்று அம்மோனியத்தை வெளியேற்றின. அமிலம் கொடுத்தும் தடுமாறவில்லை. சுவரே வாசல் என்ற பழைய கட்சிக்கு அது பெரிய பலம். அந்த நேரத்தில் தீர்ப்பு எழுதச் சொல்லியிருந்தால் நானும் பழைய கட்சிக்குத்தான் எழுதியிருப்பேன்.

2008இல் மரினியின் குழு மற்ற உடன்பிறப்பான ஆர்.ஹெச்.சி.ஜி. இல்லாத சுண்டெலிகளோடு வந்தது. ஈஸ்டில் தொடங்கிய அதே மரினி, பதினான்கு வருடம் கழித்து. இந்தச் சுண்டெலிகளுக்கு அமிலம் கொடுத்தபோது சிறுநீரில் அம்மோனியம் போதுமான அளவு ஏறவில்லை. இரத்தத்தில் அமிலம் தங்கியது. ஒற்றை நுண்குழலைப் பிரித்து, கண்ணாடிக் குழாயைச் செருகி — ஆமாம், அதே பழைய கை வேலை — அளந்தார்கள். உட்புறச் சவ்வு அம்மோனியா வாயுவை விடும் அளவு குறைந்திருந்தது. சுவரே வாசலாக இருந்தால் ஒரு புரதத்தை எடுத்ததும் ஏன் குறைய வேண்டும்? அந்த ஆண் எலிகளுக்கு இனப்பெருக்கத் திறனும் குறைந்தது தனிக் கதை.

இந்த வாசல் எப்படி இருக்கும்? 2004இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஸ்ட்ரவுடின் குழு, பாக்டீரியாவிலுள்ள உறவினர் புரதத்தின் உருவத்தை அணு அணுவாக எடுத்தது. மூன்று ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் தனியாக ஒரு குறுகிய வழி. வாயில்புறத்துக்கு அம்மோனியம் வருகிறது. அங்கே தன் புரோட்டானைக் கழற்றிவிட்டு, வாயுவாகி உள்ளே நுழைகிறது. வழியின் உட்சுவர் மின்னேற்றத்துக்கு இடம் கொடுக்காது, அதனால் சோடியமோ பொட்டாசியமோ கூடவே நுழைந்துவிட முடியாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்ற நம் வீட்டு வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் போனதும் வேறொரு புரோட்டானை மாட்டிக்கொண்டு மறுபடி அம்மோனியம். சிறுநீரின் பி.ஹெச். 4.5 வரைகூட இறங்கும். அந்தப் பக்கம் புரோட்டானுக்குப் பஞ்சமே இல்லை. ஆக, பழைய ஆட்கள் சொன்ன எலிப்பொறி உண்மைதான். பொறிக்குள் போகும் வழிதான் சுவரின் கசிவு அல்ல, காவல் உள்ள வாசல். மனிதனின் ஆர்.ஹெச்.சி.ஜி. உருவமும் 2010இல் கிடைத்தது. நான் ஓய்வு பெற்ற வருடம். மாலை போட்டுச் சால்வை போர்த்தி அனுப்பி வைத்தார்கள், அதுவரை நான் பழைய வாக்கியத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மீன்களிலும் இதே குடும்பம் இருக்கிறது. மீனுக்கு யூரியா செய்யும் சிரமம் பெரும்பாலும் இல்லை; செவுள் வழியாக அம்மோனியாவைத் தண்ணீரில் விட்டுவிடும். அதுவும் தானாகக் கசிகிறது என்றுதான் நடத்தினேன். 2007இல் ஜப்பானியர்கள் பேத்தை மீனின் செவுளில் பார்த்தார்கள். வரிசையாக ஆர்.ஹெச். குடும்பத்துப் புரதங்கள்.

இதை எல்லாம் பஸ்ஸில் தம்பியிடம் சொல்லவில்லை. பாதி வழியிலேயே அவன் தூங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து என் மகளுடைய பழைய பிரசவ ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அவள் ஆர்.ஹெச். நெகட்டிவ். முதல் பிரசவம் முடிந்த அன்றே, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று அந்த ஊசிக்காக நான் கடை கடையாக அலைந்தது நினைவுக்கு வந்தது. அந்த ஊசிச் சீட்டில் இருக்கும் எழுத்தும், சித்தப்பாவின் சோடா மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் புரதமும் ஒரே குடும்பம் என்று மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பா, மணி பதினொண்ணு" என்றாள்.

1996இல் என் பிளஸ் டூ வகுப்பில், ஜன்னலோர வரிசையில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டவர் இந்தப் பதிவைப் பார்த்தால்: அம்மா, அது ரேஷன் கார்டு எண் இல்லை. அம்மோனியாவுக்கு வாசல் காக்கும் குடும்பத்தில் பிறந்தது. உன் இரத்தத்திலுள்ள 'டி' அந்தத் தொழிலை விட்டுவிட்டதாகத் தெரிகிறது. அதன் பக்கத்திலேயே நிற்கும் கூட்டாளியும், சிறுநீரகத்திலுள்ள பங்காளியும் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் அடுத்த பத்திக்குப் போயிருக்கக் கூடாது.